ஜாக்கி கடைசியில் வரட்டும்

வீட்டின் தரை தொய்ந்துகொண்டிருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது கதவுதான். நேற்றுவரை சிரமமில்லாமல் சாத்திய படுக்கையறைக் கதவு மேல்மூலையில் உரசத் தொடங்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள சந்து ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒட்டிப்போய் முக்கோணமாகத் தெரியும். சுவரடிப் பலகைக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும். ஹாலின் நடுவே யாராவது நடந்தால் அலமாரியில் இருக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். குழந்தையின் கையிலிருந்து நழுவும் கோலிக்குண்டு எங்கிருந்து விழுந்தாலும் ஒரே இடத்தை நோக்கித்தான் ஓடும்.

வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி என்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இவை சாதாரண அறிகுறிகள். அங்கே ஏராளமான வீடுகளின் தரை மண்ணைத் தொடுவதில்லை. சுற்றிலும் செங்கல்லிலோ கான்கிரீட் பிளாக்கிலோ இரண்டு மூன்று அடிக்கு ஒரு சுவர், அதன்மேல் மரத்தரை. தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம். கிரால் ஸ்பேஸ் என்பார்கள். சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமலே வீடு கட்டிவிடலாம். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, ஏசி காற்றுக்குழாய் எல்லாவற்றையும் அடியிலேயே ஓட்டலாம். பிற்பாடு பழுது பார்ப்பதும் எளிது. வட கரோலினாவின் ராலே, கேரி பக்கம் குடியேறி வீடு வாங்கும் தமிழர்களில், சிமெண்ட் தரையிலேயே வளர்ந்தவர்களுக்குத் தங்கள் காலடியில் இப்படி ஓர் இருட்டறை இருப்பது பரிசோதகரின் அறிக்கை வந்த பிறகே உறைப்பதுண்டு.

தரை தொய்ந்தது தெரிந்ததும் கை தேடிப் போவது ஜாக்கியை. கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, தூக்கிவிட்டால் கண்ணுக்குப் பலனும் தெரிகிறது. ஆனால் தூக்குவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் மரம், காலம், தண்ணீர், மண் என்ற நான்கையும் விசாரித்தாக வேண்டும். விசாரிக்காமல் தூக்கிய தரை சில வருஷங்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். சில சமயம் சுவரையும் கூட்டிக்கொண்டு இறங்கும்.

முதலில் கட்டமைப்பைப் பார்த்துவிடுவோம். எதிரெதிர்ச் சுற்றுச்சுவர்களுக்கு நடுவே, வீட்டின் நீளவாக்கில் ஒரு கனத்த உத்தரம் ஓடும். அதைச் சில அடிக்கு ஒன்றாக நிற்கும் குட்டைத் தூண்கள் தாங்கும். சுவரிலிருந்து உத்தரம்வரை, 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் கிடக்கும். சட்டங்களின் மேல் பலகை அல்லது ப்ளைவுட், அதன்மேல் நாம் நடக்கும் தரை. சட்டங்கள் ஒன்றரை அங்குல அகலமும் ஒன்பதேகால் அங்குல உயரமுமாக, பக்கவாட்டில் மெலிந்து நெடுக்கில் உயர்ந்து நிற்கும். ஒரே மரத்தைப் படுக்கப் போடுவதைவிட நிறுத்திப் போட்டால் அதிக பாரம் தாங்கும் என்பது தச்சர்களுக்கு என்றைக்கோ தெரியும். ஏன் என்று கணக்கில் காட்ட முயன்றவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த அவருடைய ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் இந்த ஆராய்ச்சி இருக்கிறது. முழுச் சமன்பாடு கைக்கு வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. 1750ஐ ஒட்டி ஆய்லரும் டேனியல் பெர்னோலியும் கண்ட அந்தச் சூத்திரத்தைத்தான் இன்றைய பொறியாளரும் கணினியில் போடுகிறார்.

அந்தச் சூத்திரத்தில் சாதாரண வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சட்டத்தின் உயரம் அதில் கனமாக, அதாவது மூன்று முறை பெருக்கப்பட்டு வருகிறது. ஒன்பதேகால் அங்குலச் சட்டத்துக்குப் பதில் ஏழேகால் அங்குலச் சட்டம் போட்டால், இரண்டே அங்குலக் குறைவில் தொய்வு இரண்டு மடங்காகிவிடும். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையிலான நீளம் இன்னும் கொடியது. அது நான்கு முறை பெருக்கப்பட்டு வருகிறது. சுமை ஒரே சீராகப் பரவியிருக்கையில், நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தொய்வு 46 சதவீதம் கூடும். இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16 மடங்கு.

எண்களை வைத்துப் பார்க்கலாம். 15 அடி நீளத்துக்கு, அமெரிக்கத் தென் மாநிலங்களின் பைன் மரத்தில் ஒன்பதேகால் அங்குலச் சட்டம். சதுர அடிக்கு 40 பவுண்டு ஆட்களும் தட்டுமுட்டுச் சாமான்களும், 10 பவுண்டு தரையின் சொந்த எடை. இந்தச் சட்டத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் தாழும். அமெரிக்க வீட்டு விதி, ஆட்களும் சாமான்களும் ஏற்படுத்தும் தொய்வு நீளத்தில் 360இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 15 அடிக்கு அது சரியாக அரை அங்குலம். ஆக, விதிப்படி கட்டிய புதுத்தரையும் பாரம் ஏறினால் அரை அங்குலம் தொய்யலாம், அது நோயில்லை. இதே சட்டம் 12 அடிக்கு மட்டும் நீண்டிருந்தால் தொய்வு கால் அங்குலத்துக்கும் குறைவு. நான்காம் அடுக்கின் கைவரிசை இதுதான். வைத்தியத்துக்கும் அதுவே கைகொடுக்கப் போகிறது.

வளையும் சட்டத்தின் மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது, நடுக்கோட்டில் இரண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம். அதனால்தான் குழாய் கொண்டுபோக நடுக்கோட்டில் ஒரு ஓட்டை போட்டால் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஓட்டை சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. கீழ்விளிம்பில் வெட்டினால் கதையே வேறு. இரண்டு அங்குலம் வெட்டியெடுத்தால் மிஞ்சும் ஏழேகால் அங்குலத்தின் வலிமை பழையதில் சுமார் 61 சதவீதம்தான். வெட்டின் மூலையில் விசை குவிந்து, நார்வாக்கில் நீண்ட விரிசலும் விடும். குளியலறைக்கு அடியில் போய்ப் பார்த்தால் இது அடிக்கடி கண்ணில் படும். கழிப்பறைக் குழாயின் வளைவுக்கு இடம் பண்ண, குழாய்க்காரர் ரம்பத்தால் சட்டத்தில் பாதியை அறுத்துவிட்டுப் போயிருப்பார். அறுத்தவர் போய் முப்பது வருஷமாகியிருக்கும். பாரம் மட்டும் அங்கேயே இருக்கும்.

இனி, காலம். எஃகுக் கம்பியை வளைத்து விட்டால், எல்லை தாண்டாதவரை, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மரம் அப்படித் திரும்புவதில்லை. பாரம் ஏறியவுடன் கொஞ்சம் வளையும். பாரம் அப்படியே இருக்க, மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் இன்னும் வளைந்துகொண்டே இருக்கும். மரத்தின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்குவதால் வருவது இது; பொறியாளர்கள் க்ரீப் என்பார்கள். நிரந்தரப் பாரத்தால் வரும் தொய்வை, காய்ந்த மரத்துக்கு ஒன்றரை மடங்காகவும் பச்சை மரத்துக்கு இரண்டு மடங்காகவும் கூட்டி வைத்தே கணக்குப் போடுவது அமெரிக்க மரக்கட்டுமான விதியின் வழக்கம். தரையின் நடுவில் பியானோவோ புத்தக அலமாரியோ இருபது வருஷம் நின்றிருந்தால், அதை நகர்த்தினாலும் பள்ளம் போகாது.

ஈரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. 1960இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் ஒரு விந்தையான விஷயத்தை எழுதினார்கள். பாரத்தோடு இருக்கும்போது ஈரம் மாறுகிற மரம், ஈரம் மாறாமல் இருக்கும் மரத்தைவிட மிக அதிகமாகத் தொய்கிறது. தொடர்ந்து நனைந்தே கிடக்கும் மரம்கூட அவ்வளவு தொய்வதில்லை. நனைவதும் காய்வதுமான அந்த மாற்றம்தான் மரத்தைத் தளர்த்துகிறது. சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்கள் நடுவில் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. மழைக்கு மழை ஒழுகிக் காய்ந்த கூரை என்றால், அந்தத் தாழ்விலும் இதற்கு ஒரு பங்கு இருக்கும். கிரால் ஸ்பேஸுக்கு மேலே கிடக்கும் சட்டங்களுக்கோ வருஷம் தவறாமல் இதுதான் வாழ்க்கை. கோடையில் ஊறும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வற்றும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்கக் கட்டுமானத் துறை பல பத்தாண்டுகள் தவறான பதிலை வைத்துக்கொண்டிருந்தது. மண்ணிலிருந்து ஈரம் எழும்புகிறது, ஆகவே காற்று வந்து போக வழி விடுங்கள் என்று விதியே எழுதினார்கள். 150 சதுர அடி மண்ணுக்கு 1 சதுர அடி ஜன்னல் என்பது கணக்கு. சுற்றுச்சுவரில் வரிசையாகத் தெரியும் சின்னக் கம்பிவலை ஜன்னல்கள் அந்த விதிக்குப் பிறந்தவை. காற்றோட்டம் இருந்தால் ஈரம் காயும் என்பதில் என்ன பிழை இருக்கமுடியும்?

ஜூலை மாதத்து வட கரோலினாவில் வெளிக்காற்று 32 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 23 டிகிரி. அதாவது, 23க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை அதன்மேல் இறக்கிவிடும். தரைக்கு அடியில் மண் எப்போதும் நிழலில் இருக்கிறது. 20, 21 டிகிரியிலேயே நிற்கும். ஏசி காற்றுக்குழாய் அதைவிடக் குளிர்ச்சி. மேலே அறையில் ஏசி ஓடுவதால் தரைப்பலகையின் அடிப்பக்கமும் குளிர்ந்திருக்கும். ஈரத்தை வெளியேற்றட்டும் என்று திறந்துவைத்த ஜன்னல் வழியாக ஈரம் உள்ளே வந்து, குளிர்ந்த பானையின் வெளிப்புறத்தில் துளிகள் பூப்பதுபோல், சட்டங்களின் மேல் படிகிறது. ஜன்னலைப் பெரிதாக்கினால் இன்னும் அதிகம் படியும்.

இதை வீடுகளிலேயே வைத்து அளந்து பார்த்த ஊர் பிரின்ஸ்வில். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கி 1885இல் நகராகப் பதிவான, வட கரோலினாவின் பழம்பெருமை உள்ள ஊர் அது. 1999இல் ஃப்ளாய்ட் புயலின் வெள்ளம் டார் ஆற்றங்கரையைத் தாண்டி ஊரையே மூழ்கடித்தது. பிறகு அங்கே ஒரே தெருவில், ஒரே வரைபடத்தில் அமைந்த 12 வீடுகளை ராலேயைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சில வீடுகளில் வழக்கமான ஜன்னல்களை விட்டார்கள். மற்றவற்றில் ஜன்னல்களை அடைத்து, மண்ணின் மேலும் சுவரின் மேலும் பாலித்தீன் விரித்து மூட்டுகளை ஒட்டி, உள்ளே கொஞ்சம் உலர்ந்த காற்று வர வழி செய்தார்கள். ஜன்னல் வைத்த வீடுகளிலும் மண்மேல் பாலித்தீன் விரித்திருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. அப்படியும் கோடையில் அவற்றின் தரையடி ஈரமாகவே கிடந்தது, மூடியவை உலர்ந்திருந்தன. மூடிய வீடுகளில் குளிரூட்டவும் சூடேற்றவும் ஆன மின்செலவு 15 சதவீத அளவுக்குக் குறைந்தது. பல வருஷம் பொறுமையாக ஈரமானிகளைப் படித்து எழுதிய அந்த ஆய்வு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. எளிய மக்கள் வாழும் தெருவில் கிடைத்த எண்கள் ஒரு பழைய நம்பிக்கையை அசைத்தன.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்தால் மரத்தின் ஈரம் அதன் எடையில் 16 சதவீதத்தில் வந்து நிற்கும். 90 என்றால் 20, 95 என்றால் 24. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வேலை தொடங்க ஏறத்தாழ 26 முதல் 30 சதவீதம் வேண்டும்; 20க்குக் கீழே அதனால் வளர முடியாது. ஆகவே வெறும் ஈரக்காற்று மரத்தை ஆபத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. மிச்சத்தைப் படியும் துளியோ, கசியும் குழாயோ முடித்துவைக்கும்.

வீட்டுப் பைன் மரத்தை அழிப்பதில் முன்நிற்பவை பழுப்பு அழுகல் பூஞ்சைகள். அவற்றின் வேதியியல் வியக்கவைப்பது. மரத்தின் செல்சுவரில் உள்ள நுண்துளைகள் பூஞ்சையின் நொதிகள் நுழையமுடியாத அளவுக்குச் சிறியவை. ஆகவே பூஞ்சை முதலில் சிறிய மூலக்கூறுகளை அனுப்புகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு அயனியும் சேர்ந்து உண்டாக்கும் கொடிய ஹைட்ராக்சில் கூறு, செல்லுலோஸ் சங்கிலிகளை உள்ளிருந்தே துண்டாக்குகிறது. சங்கிலி அறுந்த மரம் பார்வைக்கு மரமாகவே இருக்கும், எடையும் அதிகம் குறைந்திருக்காது. ஆனால் எடையில் பத்து சதவீதம் குறைவதற்குள்ளேயே அதன் வலிமையில் பாதிக்கு மேல் போயிருக்கக்கூடும். செல்லுலோஸ் போய் லிக்னின் மட்டும் மிஞ்சிய முற்றிய நிலையில்தான் மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். மேல்நோக்கி மண்குழாய் கட்டி ஏறும் கரையானும் இதே ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. அதற்குத் தனி மருந்தும் தனி ஆளும் வேண்டும், இங்கே விரிக்கவில்லை.

இத்தனையும் மனதில் இருந்தால்தான் தரைக்கு அடியில் போவதில் அர்த்தம் உண்டு. போவதற்கு முன், மேலே இருந்தபடியே தரையின் மட்டத்தை அறை அறையாக அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். லேசர் வேண்டும் என்றில்லை. நம் ஊர்க் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் லெவல் இந்த வேலைக்குத் தாராளம். இந்த அளவு இல்லாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். நடுத்தரை தாழ்ந்திருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இறங்கி, நடுப்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கலாம். அங்கே ஜாக்கி வைத்தால் எந்தப் பக்கம் சரியாக இருந்ததோ அதையும் கெடுத்ததாகும். சுற்றிலும் மட்டம் சரியாக இருந்து வீட்டின் நீளவாக்கில் நடுவே ஒரு வாய்க்கால்போல் தாழ்ந்திருந்தால் தூண்கள்மேல் சந்தேகம். மட்டம் சரி, நடந்தால் மட்டும் அதிர்கிறது என்றால் சட்டங்கள் மெலிந்தவை அல்லது நீளம் அதிகம். குளியலறை மூலையில் மட்டும் மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

உள்ளே போகும்போது முகமூடி, முட்டுக்காப்பு, நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், மரத்தின் ஈரம் காட்டும் மீட்டர். வெளியே ஓர் ஆள் கட்டாயம் இருக்கவேண்டும். மண்ணில் தேங்கிய தண்ணீரில் மின்கம்பி கிடக்கலாம். காப்பர்ஹெட் பாம்பு சுருண்டிருக்கலாம். மல்லாந்து படுத்தால் முகத்துக்கு ஓர் அடி மேலே சட்டங்களின் அடிவிளிம்பு. சட்டங்களுக்கு நடுவே செருகிய கண்ணாடியிழைப் பஞ்சு ஈரத்தில் கனத்து, பாதி பிரிந்து தொங்கும். அதை ஒதுக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் மரத்தைக் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரம் முனையை ஏற்காது. நெம்பினால் நீளமான சிம்பாகப் பெயரும். கெட்ட மரத்தில் முனை ஓசையில்லாமல் இறங்கும், நெம்பினால் குறுக்காக ‘பொட்’டென்று உடையும். சட்டம் சுவரின் மேல் உட்காரும் முனைதான் முதலில் பார்க்கவேண்டிய இடம். பிறகு தூண்கள். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் முன்பு யாரோ அடித்த மரஆப்பு நசுங்கிக் கிடக்கும். சில தூண்களின் தலையில் உத்தரம் உட்காரவே உட்காராது, காகிதம் நுழையும் இடைவெளி தெரியும். பாரம் தாங்காமல் வெறுமனே நிற்கும் தூண் அது. அதன் பாரத்தைப் பக்கத்துத் தூண்கள் சுமந்துகொண்டிருக்கும்.

தூண் ஏன் இறங்கியது? பதில் மண்ணில். உத்தரத்தின் இரண்டு பக்கமும் 12 அடிச் சட்டங்கள், தூணுக்குத் தூண் 8 அடி என்றால், ஒரு தூணின் பங்குக்கு 96 சதுர அடித் தரை வரும். சதுர அடிக்கு 50 பவுண்டு வீதம் 4,800 பவுண்டு, இரண்டு டன்னுக்கு மேல். மேலே சுவரும் கூரையும் உத்தரத்தில் இறங்கினால் இன்னும் கூடும். சோதனை செய்யாத களிமண்ணுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் பாரம் சதுர அடிக்கு 1,500 பவுண்டு. ஆக, மூணேகால் சதுர அடியாவது கான்கிரீட் ஃபுட்டிங் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி போட்டால் நான்கு சதுர அடி, நிம்மதி. பழைய வீடுகளிலும், அதைவிட வருத்தமாகச் சமீபத்திய ‘பழுது’களிலும் காண்பது என்ன? எட்டங்குலத்துக்குப் பதினாறு அங்குல பிளாக் ஒன்றை வெறும் மண்ணில் வைத்து, அதன்மேல் இரும்புக் கம்பம். அந்தக் கல்லின் பரப்பு ஒரு சதுர அடிகூட இல்லை. மண்மேல் விழுவது சதுர அடிக்கு 5,400 பவுண்டு, தாங்கக்கூடியதைப்போல் மூன்றரை மடங்கு. காய்ந்திருக்கும் வரை மண் பிடிவாதமாக நிற்கும். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரமே ஊற்றி, அது உள்ளே ஊறி, களிமண் இளகும் மழைக்காலத்தில் கல் உள்ளே இறங்கும்.

ஆகவே வேலையின் வரிசை தானாகவே அமைகிறது. கூரைத் தண்ணீரைச் சுவரைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோவது, வீட்டைச் சுற்றி மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி மேடாக்குவது, கசியும் குழாயை அடைப்பது. இவற்றுக்குப் பொறியாளர்கூட வேண்டாம், செலவும் குறைவு. பிறகு தரையடியை மூடி உலர்த்துவது. அழுகிய சட்டத்தை மாற்றுவதும் புதிய ஃபுட்டிங் போடுவதும் அதற்கு அடுத்து. கட்டமைப்பைத் தொடும் இந்தப் பகுதிக்கு மட்டும் பொறியாளரின் கணக்கும் ஊராட்சியின் அனுமதியும் தவிர்க்கமுடியாதவை. கான்கிரீட் இறுகக் காத்திருந்த பின்புதான் ஜாக்கி.

கட்டடங்களைத் தூக்குவதில் அமெரிக்காவுக்கு ஒரு வீர வரலாறே உண்டு. 1850களில் சதுப்பில் அமிழ்ந்துகொண்டிருந்த சிகாகோ, கழிவுநீர்க் கால்வாய் போடுவதற்காகத் தன் தெருக்களை உயர்த்தியது. தெரு உயர்ந்ததும் கட்டடங்களும் உயரவேண்டியதாயிற்று. 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளக் கட்டட வரிசை ஒன்றை, கடைகள் உள்ளே இருக்கும்போதே, 6,000 திருகு ஜாக்கிகளை வைத்து 600 பேர் ஐந்தே நாளில் நாலரை அடிக்கு மேல் தூக்கினார்கள். சைகை கிடைத்தவுடன் ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ள ஜாக்கிகளை ஒரே அளவு திருப்புவார்கள். எந்த மூலையும் மற்றொன்றை முந்தாது. அவ்வளவு பெரிய செங்கல் கட்டடம் விரிசல் விடாமல் எழுந்ததற்கு இந்த ஒழுங்குதான் காரணம். ஒரு பகுதி மட்டும் முந்தும்போதுதான் சுவர் கிழிகிறது.

வீட்டுத் தரைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும், கூடவே நிதானமும். பாட்டில் ஜாக்கி என்பது 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியின் சின்ன வாரிசு. சிறு பிஸ்டனை அழுத்தினால் எண்ணெய் வழியே அழுத்தம் பெரிய பிஸ்டனுக்குப் போய், ஒரு கையால் 20 டன் தூக்கலாம். ஆனால் அந்தப் பாரம் நிற்பது ஒரு ரப்பர் வளையத்தை நம்பி. அது மெல்லக் கசியும், ஒருநாள் சட்டென்று விட்டுவிடும். அதனால் நீரழுத்த ஜாக்கியைத் தூக்க மட்டும் பயன்படுத்தி, தூக்கிய ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இறுக்கிவிட வேண்டும். கட்டை அடுக்காமல், ஜாக்கி மட்டும் தாங்கும் உத்தரத்துக்குக் கீழே தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. திருகு ஜாக்கி மெதுவானது, ஆனால் அதன் மரை சாய்வு குறைவாக இருப்பதால் உராய்வே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாரம் எவ்வளவு அழுத்தினாலும் தானாகத் திரும்பாது. நிரந்தரமாக நிற்கப்போகும் இரும்புத் தூண்களில் திருகு வைப்பது இதனால்தான்.

ஒரு தடவைக்கு எட்டில் ஒரு அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர்; பிறகு நாள்கணக்கில் காத்திருப்பது. அனுபவமுள்ளவர்கள் சொல்லும் அளவு இதுதான். முப்பது வருஷமாக வழுக்கி வழுக்கி ஒரு வளைவில் அமர்ந்த மரம், நிமிரவும் நேரம் கேட்கும். அவசரப்பட்டால் ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடும். கழிவுநீர்க் குழாயையும் மறக்கக்கூடாது. அது அடிக்குக் கால் அங்குலச் சரிவில் போவது; தரை ஓர் அங்குலம் எழும்பினால் சரிவு கூடலாம், குறையலாம், தலைகீழாகவும் ஆகலாம். எரிவாயுக் குழாய் இருந்தால் அதன் மூட்டுகளை ஒவ்வொரு தூக்கலுக்கும் முன்னும் பின்னும் பார்க்கவேண்டும்.

தொய்ந்த சட்டத்துக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் ஒன்றை ஒட்டி போல்ட் போடுவது பரவலான வழி. நல்ல வழிதான், இரண்டு நிபந்தனைகளோடு. புதியது இரண்டு முனையிலும் சுவர்மேலும் உத்தரத்தின்மேலும் உட்காரவேண்டும். நடுவில் மட்டும் ஒட்டிய துண்டு, வெட்டுப்பட்ட ஓரிடத்தைச் சரிசெய்யலாமே தவிர முழுச் சட்டத்தைத் தாங்காது. இரண்டாவது, பழையதைத் தூக்கி நிமிர்த்திய பிறகே போல்ட் முடுக்கவேண்டும். முதலில் முடுக்கினால் அந்தத் தொய்வைப் பத்திரமாகப் பூட்டி வைத்ததாகும்.

சட்டங்கள் ஆரோக்கியமாக இருந்து நீளம் மட்டும் அதிகம் என்றால் நான் பரிந்துரைப்பது நடுவில் ஒரு புது உத்தரம். நான்காம் அடுக்கு இப்போது நம் பக்கம் வேலை செய்கிறது. 15 அடிச் சட்டம் இரண்டு ஏழரை அடியாகப் பிரிந்தால் ஒவ்வொரு பாதியின் தொய்வும் பழையதில் 16இல் ஒரு பங்குதான். சட்டம் முழுநீளமாக உத்தரத்தின்மேல் தொடர்ந்து போனால் அதைவிடவும் குறைவு. ஒரு சட்டத்தைக்கூட மாற்றாமல் கிடைக்கும் பலன் இது. ஆனால் அந்த உத்தரத்துக்கும் தூண் வேண்டும், தூணுக்கு ஃபுட்டிங் வேண்டும், ஃபுட்டிங்குக்குக் காய்ந்த மண் வேண்டும்.

எவ்வளவு தூக்குவது என்பதில் என் அபிப்பிராயம், முழு மட்டத்தை விடாப்பிடியாகத் துரத்தவேண்டாம் என்பது. எண்பது வருஷ வீட்டில் கதவுகள், சுவர்ப்பூச்சு, சமையலறை அலமாரிகள் எல்லாம் பழைய வளைவுக்கு ஏற்ப ஒருமுறை சரிசெய்யப்பட்டிருக்கும். தரையைக் கோடு போட்டதுபோல் ஆக்கினால் அவை அத்தனையும் கோணலாகும். இனி இறங்காது என்று உறுதிசெய்துகொண்டு, பாதி வளைவை மீட்டு, கதவு சாத்தும் நிலையில் நிறுத்திவிடுவது பல பழைய வீடுகளுக்குப் போதும்.

புதிய உத்தரம் அறுவை மரமாக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு. கடையில் வாங்கும்போது அதன் ஈரம் 19 சதவீதம்வரை இருக்கும். மூடி உலர்த்திய தரையடியில் அது 10, 12க்கு வற்றும். ஒன்பதேகால் அங்குல உயரம் அதனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் சுருங்கும், அதாவது ஒரு தடவை ஜாக்கி திருப்பிக் கிடைத்த உயரம் முழுவதும் போய்விடும். ஆகவே முதல் குளிர்காலம் கழிந்ததும் மீண்டும் உள்ளே போய், ஒவ்வொரு தூணின் தலையிலும் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, திருகை முடுக்கவோ இரும்புத் தகடு செருகவோ வேண்டும். போன கையோடு மீட்டரின் ஊசிகளைச் சில சட்டங்களில் குத்தி, இடத்தையும் எண்ணையும் தேதியையும் சாக்பீஸால் மரத்திலேயே எழுதிவிட்டு வருவது நல்லது. அடுத்த வருஷம் வேறு யார் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.